திக்குறிச்சி: ஊர்ப் பெயரைத் திரையில் ஏற்றியவர்

கேரளத்தில் கொஞ்சம் வயதானவர்களிடம் 'திக்குறிச்சி' என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் மனத்தில் எழுவது ஊர் இல்லை, ஒரு மனிதர். நரைத்த தலையும் நிமிர்ந்த உடலும் ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாக உச்சரிக்கும் குரலுமாக ஒரு பெரியவர் நினைவுக்கு வருவார். அதே பெயரை மார்த்தாண்டத்திலோ குழித்துறையிலோ சொன்னால், தாமிரபரணிக் கரையில் இருக்கும் மகாதேவர் கோயிலுக்கு வழி காட்டுவார்கள். மகா சிவராத்திரியின்போது காவி உடுத்து, கையில் விசிறியுடன், 'கோவிந்தா, கோபாலா' என்று குரல் எழுப்பியபடி பக்தர்கள் ஓடும் சிவாலய ஓட்டத்தில், முஞ்சிறை திருமலைக்கு அடுத்து வரும் இரண்டாவது கோயில் அது. நந்தி இல்லாத சிவன் கோயில் என்பது அதன் தனிச்சிறப்பு.

அந்த ஊரில் 1916 அக்டோபர் 16 அன்று பிறந்தவர்தான் திக்குறிச்சி சுகுமாரன் நாயர். மலையாள சினிமாவின் முதல் நட்சத்திர நாயகன், பிறகு அதன் நிரந்தரக் குணச்சித்திர நடிகர், அத்துடன் நாடகாசிரியர், கவிஞர், பாடலாசிரியர், இயக்குநர். சுமார் 47 ஆண்டுகளில் 700 படங்களுக்கு மேல் நடித்தார். இத்தனை பெரிய ஒருவரை அவர் பிறந்த மாவட்டத்து இளைஞர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்கவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். இதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. அவர் புகழின் உச்சியில் இருந்தபோது, அவருடைய ஊர் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போய்விட்டது.

அவர் பிறந்தபோது திக்குறிச்சி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அந்த சமஸ்தானத்தின் பழைய தலைநகரம் பத்மநாபபுரம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அது திருவனந்தபுரத்துக்கு மாறியது. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில், பல நேரங்களில் ஒரே வீட்டில் புழங்கின. ஆட்சிமொழியும் பள்ளிக்கூடமும் மலையாளத்தின் பக்கம் சாய்ந்திருந்தன. ஒரு நாயர் வீட்டுப் பையன் மலையாளத்தில் கவிதை எழுதத் தொடங்குவதும், திருவனந்தபுரத்தைத் தன் நகரமாக நினைப்பதும் அன்று வெகு இயல்பு. நாகர்கோவில் ஒழுகினசேரியில் அவருக்கு எட்டு ஆண்டு முன்னதாக, 1908 நவம்பர் 29 அன்று பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் தமிழ் நாடகக் கம்பெனியோடு மதராசுக்குப் போனதும் அதே அளவு இயல்பானது. ஒரே நிலப்பரப்பிலிருந்து இரண்டு பாதைகள் புறப்பட்டன. தமிழின் பக்கம் போனவரை நாம் கலைவாணர் என்று கொண்டாடுகிறோம். மலையாளத்தின் பக்கம் போனவரை ஏறக்குறைய மறந்துவிட்டோம்.

பிறகு வந்தது மொழிவழி மாநிலப் போராட்டம். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், அதன் தலைவர் மார்ஷல் நேசமணி, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூடு ஆகியவை இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பாடத்தில் படிப்பவை. திக்குறிச்சியிலிருந்து மார்த்தாண்டம் கூப்பிடு தொலைவு என்று சொல்லலாம். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டில் சேர்ந்தன. அன்று சுகுமாரன் நாயருக்கு வயது 40. மலையாளப் படவுலகின் உச்ச நட்சத்திரம் என்ற இடத்துக்கு அவர் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டார். பெயரில் இருந்த ஊர் எல்லைக்கு இந்தப் பக்கம், வாழ்க்கை அந்தப் பக்கம் என்றாகிவிட்டது.

சரி, அந்த இடத்துக்கு அவர் எப்படி வந்தார்? இதை விளங்கிக்கொள்ள மலையாள மேடையின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் ஆரம்பமே தமிழோடு பின்னியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ் நாடகக் குழுக்கள் திருவிதாங்கூர், கொச்சி ஊர்களில் கொட்டகை போட்டு சங்கீத நாடகங்கள் நடத்தின. அவற்றைப் பார்த்து மலையாளத்திலும் அதே பாணி வளர்ந்தது. தமிழ் மேடையில் பெயர் பெற்ற 'சதாரம்' கதையை ஒட்டி கே.சி. கேசவ பிள்ளை மலையாளத்தில் 'சதாராம' எழுதினார். மேடைக்கு வரும் நாயகன் முதலில் பாட வேண்டும். நடிப்பு அதற்குப் பிறகுதான். உச்ச ஸ்தாயியில் கடைசி வரிசைவரை கேட்கிற தொண்டை இருந்தால் போதும், முகம் அசையாவிட்டாலும் ரசிகர்கள் மன்னித்துவிடுவார்கள். செபாஸ்டியன் குஞ்ஞுகுஞ்ஞு பாகவதரும் அகஸ்டின் ஜோசப்பும் அந்தக் காலத்து நாயகர்கள். இந்த அகஸ்டின் ஜோசப் பாடகர் யேசுதாசின் தந்தை.

சுகுமாரன் நாயர் எழுதிய நாடகங்கள் இந்த வழக்கத்திலிருந்து விலகின. சமகாலக் குடும்பம், சமகால மனிதர்கள், உரைநடை வசனம் என்று அவர் போனார். பாட்டுக்காகக் கதை நிற்காது. பேச்சிலேயே கதை நகரும். 'ஸ்த்ரீ' என்ற அவருடைய நாடகம் 1950இல் படமானபோது, ஆர். வேலப்பன் நாயர் இயக்கத்தில் அவரே நாயகனாகத் திரைக்கு வந்தார். அந்தப் படம் பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் பாடகராக இல்லாத ஒருவர், வசனத்தின் பலத்தில் மட்டும், மலையாளத் திரையில் நாயகனாக நிற்க முடியும் என்பது அங்கே தொடங்கியது.

இதில் காலமும் அவருக்குத் துணை நின்றது. 1948இல் வந்த 'நிர்மலா' மூலம் மலையாள சினிமாவுக்குப் பின்னணிப் பாடல் வந்திருந்தது. நாயகன் வாயசைத்தால் போதும், குரலை வேறொருவர் தருவார் என்றான பிறகு, தேர்வு செய்யும் அளவுகோலே மாறியது. தொண்டைக்குப் பதிலாகத் தோற்றம், உச்சரிப்பு, முகத்தின் அசைவு ஆகியவை கணக்கில் வந்தன. மேடையில் உரைநடை வசனம் பேசிப் பழகிய, பார்வைக்குக் கம்பீரமான ஒருவர் அந்த நேரத்தில் தேவைப்பட்டார். திக்குறிச்சி அங்கே தயாராக நின்றார். அவருடைய வெற்றிக்கு அதிர்ஷ்டம் காரணம் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பொருத்தத்தைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

1951இல் 'ஜீவித நௌகா' வந்தது. கே. வேம்பு இயக்கம், ஆலப்புழையின் உதயா ஸ்டூடியோவோடு சேர்ந்த கே அண்ட் கே நிறுவனத்தின் தயாரிப்பு, வி. தட்சிணாமூர்த்தியின் இசை, முதுகுளம் ராகவன் பிள்ளையின் எழுத்து. படித்த தம்பி ஓர் ஏழைப் பெண்ணை மணக்கிறான். அண்ணியின் கொடுமையால் அந்தப் பெண் வீட்டைவிட்டு வெளியேறிப் பிச்சையெடுக்கும் நிலைக்குப் போகிறாள். தம்பி சோமனாக திக்குறிச்சி, மனைவியாக பி.எஸ். சரோஜா, அண்ணியாக பங்கஜவல்லி. அழுகையும் சிரிப்பும் கலந்த அசல் குடும்பக் கதை. ஒரே ஊரில் 250 நாட்களுக்கு மேல் ஓடிய இந்தப் படம்தான் மலையாளத்தின் முதல் பெருவெற்றி. 'பிச்சைக்காரி' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. அதற்கு முன்பு மலையாளப் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை; போட்ட பணம் திரும்புமா என்ற அச்சத்தோடுதான் எடுக்கப்பட்டன. 1938இல் முதல் பேசும் படமான 'பாலன்' சேலம் மாடர்ன் தியேட்டர்சின் உதவியால்தான் வெளிவர முடிந்தது. மலையாளத்தில் படம் எடுத்துப் பிழைக்கலாம் என்ற நம்பிக்கையை முதலாளிகளுக்குத் தந்தது 'ஜீவித நௌகா'. அதன் முகமாக இருந்தவர் திக்குறிச்சி.

அடுத்த ஆண்டு வந்த 'விசப்பின்டெ விளி' இன்னொரு காரணத்துக்காக நினைக்கப்படுகிறது. அதில் நடிக்க வந்த சிறையின்கீழ் அப்துல் காதர் என்ற இளைஞருக்குத் திரைக்கு ஏற்ற பெயர் வேண்டும் என்று யோசித்து, பிரேம் நசீர் என்று பெயர் வைத்தவர் திக்குறிச்சி. பிறகு பல நூறு படங்களில் நாயகனாக நடித்து, திக்குறிச்சி இருந்த இடத்தைப் பிடித்தவர் அந்த நசீர்தான். பி.கே. குஞ்ஞாலுவை பகதூர் ஆக்கியவரும், பேபி ஜோசப்பை ஜோஸ் பிரகாஷ் ஆக்கியவரும் இவரே. ஒருவர் நகைச்சுவையில் நிலைத்தார், மற்றவர் வில்லனாகப் புகழ் பெற்றார். தன் ஊரையே தன் பெயராக்கிக்கொண்டவர், மற்றவர்களுக்கு ஊரும் சாதியும் ஒட்டாத பெயர்களைத் தேடித் தந்திருக்கிறார்.

1955இல் வந்த 'ஹரிச்சந்திரா'வைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். திருவனந்தபுரத்து மெரிலாண்ட் பி. சுப்பிரமணியம் தயாரித்த படம், அந்தோணி மித்ரதாஸ் இயக்கம், அரிச்சந்திரனாக திக்குறிச்சி. நாட்டை இழந்து, மனைவியை இழந்து, மகனை இழந்து, சுடுகாட்டுக் காவலாளியாக நிற்கும் அரசன் பாடும் 'ஆத்மவித்யாலயமே' இன்றும் கேரளத்தில் ஒலிக்கிறது. திலகம் இட்டு அழகாகச் சீவிப் போற்றிய தலை, உலகை வெல்லத் துடித்த தலை, விலையில்லாத மண்டையோடாகக் கிடக்கிறது. இங்கே சாதி வேறுபாடு இல்லை. மன்னனோ யாசகனோ கடைசியில் சிதையின் நடுவே வந்து சேர வேண்டும் என்று போகிறது பாட்டு.

அந்தப் பாட்டை எழுதியவர் திருநயினார்குறிச்சி மாதவன் நாயர். பாடியவர் கமுகற புருஷோத்தமன். முன்னவர் பெயரில் இருக்கும் திருநயினார்குறிச்சி இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து ஊர். கமுகற என்பது திருவட்டாறில் உள்ள வீட்டுப் பெயர். ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கும் அதே திருவட்டாறு. சொந்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியராகவும் தலைமை ஆசிரியராகவும் இருந்துகொண்டே படங்களில் பாடியவர் கமுகற. ஆக, எழுதியவர், பாடியவர், வாயசைத்து நடித்தவர் மூவரும் இந்த ஒரு மாவட்டத்துக்காரர்கள். படம் வந்த மறு ஆண்டே மூவரின் ஊர்களும் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டன. மலையாள சினிமாவின் ஆரம்ப காலத்துக்குத் தென் திருவிதாங்கூர் என்ன கொடுத்தது என்று யாராவது கேட்டால், நீண்ட பட்டியல் எதுவும் தேவையில்லை. இந்த ஒரு பாட்டைப் போட்டுக் காட்டலாம்.

திரையில் திக்குறிச்சி அந்தக் கட்டத்தில் செய்வதைக் கவனித்துப் பார்ப்பது பயன் தரும். அரிச்சந்திரன் கதை மேடை நடிகர்களுக்குப் பெரிய பொறி. கதறலும் மார்பில் அடித்துக்கொள்வதும் கைதட்டலைத் தரும் என்பதால், பெரும்பாலோர் அதில் விழுந்துவிடுவார்கள். கமுகறயின் குரல் நிதானமானது, அழுகை கலக்காதது. அந்த நிதானத்துக்கு ஏற்றபடி நடிகரும் அடங்கி நிற்க வேண்டியிருக்கிறது. ஆர்ப்பாட்டமில்லாத அந்த நிற்பில்தான் பிற்காலக் குணச்சித்திர நடிகர் முதலில் தென்படுகிறார் என்று நான் நம்புகிறேன்.

அதற்குள் மலையாள சினிமாவின் காற்று திசை மாறிவிட்டது. போலீஸ் வேலையை விட்டு வந்த சத்யன் 1952இல் அறிமுகமானார். 1954இல் பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் இயக்கிய 'நீலக்குயில்' வந்தது. மண்ணும் சேறும் தீண்டாமையும் நேரடியாகத் திரைக்கு வந்த படம் அது. சத்யனின் பேச்சு நாம் தெருவில் கேட்கும் பேச்சாக இருந்தது. அதற்கு முன்னால் திக்குறிச்சியின் தெளிவான, முழுமையான மேடை வசனம் சட்டென்று பழையதாகத் தோன்றத் தொடங்கியது. ஒரு பக்கம் சத்யனின் இயல்பு, இன்னொரு பக்கம் நசீரின் அழகு. நாற்பதைத் தாண்டிய நாயகனுக்கு அங்கே இடம் சுருங்கியது.

இந்தக் கட்டத்தில் எந்த மொழி நாயகனும் இரண்டில் ஒன்றைச் செய்வது வழக்கம். சாயம் பூசிக்கொண்டு, மகள் வயதுப் பெண்களோடு காதல் காட்சியில் தொடர்வது ஒன்று. மனம் கசந்து ஒதுங்கிப்போவது மற்றொன்று. திக்குறிச்சி இரண்டையும் செய்யவில்லை. தான் பெயர் வைத்த பையனுக்கே தந்தையாக நடிக்கச் சம்மதித்தார். அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இது. நட்சத்திரமாக அவர் உச்சத்தில் இருந்தது சில ஆண்டுகள் மட்டுமே. குணச்சித்திர நடிகராக அவர் நின்றது நாற்பது ஆண்டுகள்.

வெறும் பணிவால் அவர் நிலைக்கவில்லை. அந்த நாற்பது ஆண்டுகளுக்கான சரக்கு அவரிடம் இருந்தது. அதில் ஒரு பகுதி அவர் வளர்ந்த சமூகத்திலிருந்து வந்தது என்பது என் கருத்து. 1960களின் மலையாளப் படங்களில் தறவாடு என்ற கூட்டுக் குடும்ப வீடும், அதை ஆளும் காரணவரும் திரும்பத் திரும்ப வருவார்கள். சொத்து மருமக்களுக்கு, அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்கு, அதிகாரம் மாமனுக்கு என்றிருந்த மருமக்கத்தாயம் 1925இன் நாயர் சட்டத்தோடு ஆட்டம் காணத் தொடங்கியது. அப்போது சுகுமாரன் நாயர் ஒன்பது வயதுச் சிறுவன். பாகப்பிரிவினை, வழக்கு, பாழடையும் பெரிய வீடு, அதிகாரம் போன பிறகும் குரலை மட்டும் விடாத பெரியவர் ஆகியவை அவர் வளர்ந்த காலத்தில் சுற்றிலும் நடந்தவை.

நாஞ்சில் நாட்டுத் தமிழர்களுக்கும் இது அந்நியமான உலகம் இல்லை. நாஞ்சில் வேளாளரிடமும் மருமக்கள் வழி இருந்தது. 1926இல் தனிச் சட்டம் வந்துதான் அது முடிவுக்கு வந்தது. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'மருமக்கள்வழி மான்மியம்' அந்த முறையின் கொடுமையைச் சிரிக்கவும் கொதிக்கவும் வைத்து எழுதிய நூல். அதில் வரும் காரணவரைப் படித்துவிட்டு, திக்குறிச்சி நடித்த குடும்பத் தலைவர்களைப் பாருங்கள். கவிமணி கிண்டலாகத் தீட்டிய அதே மனிதரை, திக்குறிச்சி உள்ளே புகுந்து, அவருடைய நியாயத்தோடு காட்டுகிறார். கொடுமை செய்பவர் தன்னைக் கொடுமைக்காரராக நினைப்பதே இல்லை. குடும்ப மானத்தைக் காப்பதாகத்தான் நினைக்கிறார். அந்த நம்பிக்கையை முகத்தில் கொண்டுவருவதுதான் குணச்சித்திர நடிப்பின் கடினமான வேலை.

எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதி பி. பாஸ்கரன் இயக்கிய 'இருட்டின்டெ ஆத்மாவு' (1967), மனநலம் குன்றிய ஓர் இளைஞனைத் தறவாடு என்ன செய்கிறது என்று சொன்ன படம். நசீர் தன் அழகு நாயகன் முகத்தைத் துறந்து அந்த இளைஞனாக நடித்தார். அந்த வீட்டுப் பெரியவர்கள் உலகத்துக்கு எடை தந்த நடிகர்களில் திக்குறிச்சியும் ஒருவர். ஏ. வின்சென்ட் இயக்கிய 'நதி' (1969) முற்றிலும் வேறு சூழல். கோடைக்கு ஆலுவா ஆற்றில் கெட்டுவள்ளம் என்ற படகு வீடுகளில் வந்து தங்கும் இரு கிறிஸ்தவக் குடும்பங்களின் பகையே கதை. ஒரு குடும்பத் தலைவர் பி.ஜே. ஆன்டனி, மற்றவர் திக்குறிச்சி. நாயர் காரணவரின் உடல்மொழியை அப்படியே எடுத்துவந்து சிலுவை மாட்டினால் அந்தப் பாத்திரம் பொய்யாகிவிடும். அவர் அப்படிச் செய்யவில்லை. பணத்தின் மிடுக்கு வேறு, குலத்தின் மிடுக்கு வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

700 படம் என்ற எண்ணைக் கேட்டு மலைப்பவர்களுக்கு ஒரு விளக்கம். அன்று மலையாளப் படங்களில் பெரும்பகுதி மதராசில், கோடம்பாக்கத்துத் தளங்களில் எடுக்கப்பட்டன. நாயகனுக்கு ஒரு படத்தில் பல நாள் வேலை. தந்தை, நீதிபதி, டாக்டர், பண்ணையார் வேடங்களுக்குச் சில நாட்கள் போதும். காலையில் ஒரு தளம், பிற்பகல் இன்னொரு தளம் என்று ஒரே நாளில் இரு படங்களுக்கு முகம் கொடுக்க முடியும். வசனத்தை விரைவாக வாங்கிக்கொண்டு பிசகாமல் சொல்பவருக்கு அங்கே வேலை குறையவே குறையாது. கச்சா பிலிம் வீணாகாது என்பதால் தயாரிப்பாளர்கள் அவரைத் தேடி வருவார்கள். தானே வசனம் எழுதிய நாடகாசிரியர் என்பது அவருக்கு இதில் பெரிய பலம். இந்த வேகத்தின் இழப்பும் உண்டு. அந்த 700இல் பெரும்பாலான வேடங்கள் ஒரே வார்ப்பில் வந்தவை; அவற்றை நான் தற்காக்கப் போவதில்லை. எந்தத் தொழில்முறைக் குணச்சித்திர நடிகரின் வாழ்க்கையும் அப்படித்தான். சோற்றுக்காகச் செய்த வேலைக்கு நடுவே சில பாத்திரங்கள் தனித்து நிற்கும்.

அப்படித் தனித்து நிற்கும் ஆண்டு 1972. ராமு காரியாட்டின் 'மாயா' படத்துக்காக கேரள அரசின் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. விருது பெற்றபோது வயது 56. நசீரும் மதுவும் நாயகர்களாகக் கொடிகட்டிப் பறந்த காலத்தில், மூத்த நடிகர் ஒருவருக்கு 'சிறந்த நடிகர்' என்ற பட்டமே போனது. அடுத்த ஆண்டு பத்மஸ்ரீயும் வந்தது.

ஆனால் அதே 1972இன் 'சுயம்வரம்' என்னை இன்னும் அதிகமாகக் கவர்கிறது. அடூர் கோபாலகிருஷ்ணனின் முதல் படம். மலையாளத்தின் புதிய சினிமா அதிலிருந்து தொடங்குகிறது. சிறந்த படம், சிறந்த இயக்கம் உள்ளிட்ட தேசிய விருதுகளை வாங்கியது. சாரதாவுக்குச் சிறந்த நடிகைக்கான விருதும் கிடைத்தது. வீட்டை எதிர்த்து வந்து நகரத்தில் வாழத் தொடங்கும் காதலர்களின் கதை. மது நடித்த நாயகன் கொஞ்ச காலம் ஒரு டுடோரியல் கல்லூரியில் ஆசிரியர் வேலை பார்க்கிறான். அந்தக் கல்லூரியின் முதல்வர்தான் திக்குறிச்சி. கல்லூரியோ நொடித்துக்கொண்டிருக்கிறது. சம்பளம் தர முடியாத நிறுவனத்தின் தலைவருக்கு மிஞ்சியிருப்பது கௌரவமான பேச்சு மட்டுமே.

அடூர் இதைத் தெரிந்தே செய்தார் என்று நினைக்கிறேன். மற்ற நடிகர்களெல்லாம் குறைத்துப் பேசும், மௌனம் மிகுந்த படத்தில், பழைய மேடையின் முழங்கும் உச்சரிப்புக் கொண்ட ஒருவரை முதல்வர் நாற்காலியில் உட்கார வைக்கிறார். 'நீலக்குயில்' வந்தபோது எந்தப் பேச்சுமுறை பழையதாகத் தோன்றியதோ, அதுவே இங்கே பாத்திரத்தின் உயிராகிறது. கையில் காசில்லாத, வார்த்தையில் குறைவில்லாத மனிதர். திக்குறிச்சி அதைக் கேலிச்சித்திரமாக்காமல் நடித்தார். சிரிக்க வைத்துவிட்டுப் போயிருக்கலாம். நமக்கு அந்த முதல்வர் மேல் இரக்கம்தான் வருகிறது. முதல் தலைமுறை வணிக நட்சத்திரம் ஒருவர், தன்னுடைய பாணிக்கு மாற்றாக வந்த சினிமாவிலேயே தனக்கு இடம் கண்டுபிடித்தார். அவருக்கு முந்தைய பாடும் நாயகர்களில் யாருக்கும் இது கைகூடவில்லை.

இயக்குநர் திக்குறிச்சியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1953இல் 'சரியோ தெற்றோ' தொடங்கி 1970களின் முற்பகுதிவரை சில படங்களை இயக்கினார், பாடல்கள் எழுதினார். அவை அவருடைய நடிப்பின் உயரத்தைத் தொடவில்லை. சொந்த வாழ்க்கையில் துயரங்களும் இருந்தன. கவிஞரான மகள் கனகஸ்ரீ விபத்தில் இறந்தது அவற்றில் பெரியது. நண்பர்கள் மத்தியில் அவர் சொன்ன நகைச்சுவைகள் இன்றும் கேரளத்தில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் எது அவர் சொன்னது, எது அவர் பெயரில் ஏற்றப்பட்டது என்று பிரிப்பது கடினம். ஒருவர் பெயரில் நகைச்சுவைகள் வந்து ஒட்டிக்கொள்வதே அவருடைய நாவன்மைக்குச் சான்று.

1993ஆம் ஆண்டுக்கான ஜே.சி. டானியல் விருது திக்குறிச்சிக்கு வழங்கப்பட்டது. மலையாள சினிமாவில் வாழ்நாள் பங்களிப்புக்கு கேரள அரசு தரும் உயரிய விருது அது. முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்தார்கள். பெற்றவர்களில் இவர் இரண்டாமவர். விருதுக்குப் பெயரான டானியல் யார் என்று பார்த்தால் மீண்டும் நம் மாவட்டத்துக்கே வர வேண்டியிருக்கிறது. 1900இல் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ அமைத்து, 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். மலையாளத்தின் முதல் படம் அதுதான். நாயகியாக நடித்த பி.கே. ரோசி தலித் பெண் என்பதற்காகத் தாக்கப்பட்டு ஊரைவிட்டே ஓட வேண்டியிருந்தது. டானியல் எல்லாவற்றையும் இழந்தார். பல் மருத்துவராக வாழ்ந்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் இறந்தார். நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகையை அவர் கேரள அரசிடம் கேட்டபோது, தமிழ்நாட்டில் இருப்பவர் என்று காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. இறந்த பிறகு அதே அரசு தன் உயரிய விருதுக்கு அவர் பெயரை வைத்தது. அகஸ்தீஸ்வரத்துக்காரர் பெயரில் உள்ள விருதை திக்குறிச்சிக்காரர் வாங்கினார். விழா நடந்த மாநிலத்தில் இரண்டு ஊரும் இல்லை.

மலையாளிகள் திக்குறிச்சியைத் தங்களவர் என்று சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. அவர் எழுதியதும் பேசியதும் அவர்கள் மொழியில். அவரைத் தமிழராக்கிச் சொந்தம் கொண்டாடும் முயற்சி எனக்கு வேண்டாம். அது அவருக்கும் நியாயம் செய்யாது. ஆனால் ஒரு மாவட்டத்தின் நினைவு ஒரு மொழிக்குள் மட்டும் அடங்க வேண்டுமா? தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, கேரள அரசு அதைப் பராமரிக்கிறது. நாம் அதைப் பார்க்கப் போகாமல் இருக்கிறோமா? மரமும் கல்லுமான கட்டடத்துக்குக் காட்டும் பெருந்தன்மையை மனிதர்களுக்கும் காட்டலாம். நாகர்கோவில் மணிமேடையில் கலைவாணருக்குச் சிலை இருக்கிறது. மாவட்டத்துக் கலைஞர்களைப் பற்றிப் பள்ளியிலும் மேடையிலும் பேசும்போது டானியல், திக்குறிச்சி, கமுகற, திருநயினார்குறிச்சி ஆகிய பெயர்களும் அவர் பெயரோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும்.

திக்குறிச்சி 1997 மார்ச் 11 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார். அவருடைய பிறந்தநாளான அக்டோபர் 16ஐ ஒட்டி, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஏதாவது ஒரு கல்லூரி அரங்கில் அவர் படங்களைத் திரையிடுவது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. முதலில் 'ஆத்மவித்யாலயமே' காட்சியைப் போடலாம், பிறகு 'சுயம்வரம்' முழுவதையும். குழித்துறையிலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும் வருபவர்களுக்குத் தமிழ் வசன வரிகூடத் தேவைப்படாது.